சுரங்கப் பாதைக்கு அந்தப் பக்கம் பின்னும் காலுறை

மணாலியில் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள். அடல் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து 9.02 கிலோமீட்டர் ஓடி வெளியே வந்தால் வேறு தேசம். மழை எட்டிப் பார்க்காத பழுப்பு மலைகள், ஆற்றோரத்தில் மட்டும் கொஞ்சம் வில்லோ மரங்கள், கீழே சந்திரா நதி. இதுதான் லாஹௌல் பள்ளத்தாக்கு. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் பாதி.

இந்தச் சுரங்கம் திறந்தது 2020 அக்டோபர் 3-ம் தேதி. அதற்கு முன்பு லாஹௌலுக்குப் போக 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாயைத் தாண்ட வேண்டும். நவம்பரில் பனி மூடினால் மே மாதம் வரை கணவாய் திறக்காது. பிரசவம், ஆபத்து என்றால் ஹெலிகாப்டர்தான். வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி நாள் வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஊர் இது. அந்தப் பாதி வருஷத்தில் பிறந்ததுதான் லாஹௌல் காலுறை.

நானும் அக்காவும் போனது அதைப் பார்க்கத்தான். நாங்கள் திருப்பூர். அக்கா பனியன் கம்பெனியில் இருபது வருஷமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். கல்யாண வீட்டில் பட்டுப்புடவையைக் கொடுத்தால்கூட முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவள். "மெஷின் பின்றதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு, கையில பின்றதையும் ஒருக்கா பார்த்துட்டு வரலாம் வா" என்று அவள்தான் கிளப்பினாள்.

எங்கள் ஊர் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பனியன் துணி பின்னும் வட்ட நிட்டிங் மெஷினில் 30 அங்குல விட்டமும் 24 கேஜும் இருந்தால் சுமார் 2,260 ஊசிகள். கேஜ் என்றால் ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற கணக்கு. 90 இடத்தில் நூல் ஊட்டி, நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால், ஒரு நிமிடத்தில் 50 லட்சம் கண்ணிகள் விழும். கையால் பின்னும் பழகிய பெண்மணி அதே நிமிடத்தில் முப்பது நாற்பது கண்ணி போடுவார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் கையால் பின்னுவது ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியம்.

சந்திராவும் பாகாவும் கூடுகிற இடத்துக்குப் பெயர் தாண்டி. (தாண்டிப் போகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் நாமே வைத்திருக்க முடியாது.) இரண்டும் சேர்ந்து சந்திரபாகா, இன்னும் கீழே போனால் செனாப். தாண்டி பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில்' என்று வைத்திருந்த போர்டு லே போகும் பைக்காரர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மாவட்டத் தலைநகர் கேலாங். எதிர்மலையில் கார்டாங் புத்த மடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

இங்கே இரண்டு ஊசிப் பின்னல் வந்த கதை வேடிக்கையானது. 1850-களில் ஜெர்மனியிலிருந்து மொரேவியன் கிறிஸ்தவ மிஷனரிகள் மங்கோலியாவுக்குப் போகப் புறப்பட்டார்கள். வழி கிடைக்கவில்லை. பாதியில் கேலாங்கிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களில் வில்ஹெம் ஹைடே என்பவரின் மனைவி மரியா ஹைடே 1859-ல் இங்கே வந்து சேர்ந்தார். ஊர்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துக் காலுறை பின்னக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தம்பதி கேலாங்கை விட்டுப் போனது 1898-ல். ஏறக்குறைய நாற்பது வருஷத்தில் மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. பின்னல் மட்டும் வீட்டுக்கு வீடு போய்விட்டது. ஏற்கெனவே கம்பளி நூற்று நெய்யத் தெரிந்த கைகள் என்பதால், வந்த வித்தையைத் தங்கள் நிறங்களுக்கும் கட்டங்களுக்கும் மாற்றிக்கொண்டார்கள். இன்று அதை யாரும் ஜெர்மன் காலுறை என்று சொல்வதில்லை.

நாங்கள் தங்கிய வீட்டில் நடு அறையில் தந்தூர் அடுப்பு. நம் ஊர் ஓட்டல் தந்தூர் இல்லை; புகைக்குழாய் வைத்த தகர அடுப்பு. செப்டம்பர் கடைசி. பட்டாணியும் உருளைக்கிழங்கும் அறுவடையாகி மூட்டையாகியிருந்தன. வீட்டுப் பாட்டி அடுப்போரம் உட்கார்ந்து, சீசனின் முதல் காலுறையை ஆரம்பித்திருந்தார். அக்காவுக்கு ஹிந்தி வரும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து எங்கள் ஊரில் தைக்கிற பிள்ளைகளிடம் கற்ற ஹிந்தி. அந்த ஹிந்தியைக் கேட்டுப் பாட்டி முதலில் சிரித்தார், அப்புறம் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார்.

காலுறையின் மேல்பகுதியில்தான் அத்தனை வண்ணமும். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எனப் பட்டை பட்டையாகக் கட்டங்கள். பாதம் பெரும்பாலும் ஒரே நிறம். இரண்டு முனையும் கூரான ஊசிகளில் கண்ணிகளைப் பிரித்துப் போட்டு, இன்னொரு ஊசியால் வட்டமாகப் பின்னிக்கொண்டே போவார்கள். அதனால் தையல் கிடையாது. ஒரே வரிசையில் இரண்டு நிறம் வரும்போது, வேலையில்லாத நூல் பின்பக்கமாகப் படுத்துக்கொண்டு வரும். அப்படிப் படுத்து வரும் நூல்தான் இரண்டாவது கம்பளி அடுக்கு; குளிருக்கு அதுதான் காவல். மூன்று நான்கு கண்ணிக்கு மேல் நீளமாக விட்டால் கால் விரல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் டிசைன் எல்லாமே சின்னச் சின்னக் கட்டங்கள். அழகுக்காகப் போட்டதென்று நான் நினைத்திருந்தேன்.

பாட்டி தேநீர் ஊற்றப் போன இடைவெளியில் அக்கா முடிந்திருந்த ஒரு காலுறையை எடுத்து உள்பக்கம் திருப்பிவிட்டாள். "இங்க பாரு கண்ணு, ஒரு பிசிறு இல்லை. குதிகால்ல ஒரு முடிச்சு இல்லை. எங்க லைன்ல இதைக் கொடுத்தா எதையும் ரிஜக்ட் பண்ண முடியாது" என்றாள்.

குதிகாலில்தான் சூட்சுமம். குழாய் மாதிரி நேராக வரும் பின்னலை அங்கே திருப்ப வேண்டும். பாதிக் கண்ணிகளை ஊசியில் சும்மா நிறுத்திவிட்டு, மீதிப் பாதியில் மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி ஒரு சின்ன மடல் செய்வது பொதுவான முறை. பிறகு நடுவிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைத்தால் மடல் கிண்ணம் போலக் குவியும். அதன் ஓரங்களில் புதுக் கண்ணிகளை எடுத்து நிறுத்தி வைத்ததோடு சேர்த்தால் பாதம் ஆரம்பம். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் உலகின் முதல் பின்னல் இயந்திரத்தைச் செய்தபோதும் காலுறைக்காகத்தான் செய்தார். கைப்பின்னல்காரர்கள் பிழைப்புப் போய்விடும் என்று எலிசபெத் ராணி அவருக்கு உரிமை தர மறுத்ததாகச் சொல்வார்கள். நானூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் வழக்கு இது.

அந்த வழக்கின் இன்றைய வாய்தாவை மணாலிப் பக்கம் பார்த்தோம். கேலாங் போகும் முன் ஒரு கடையில் 'கையால் பின்னிய லாஹௌல் காலுறை' என்று அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல் திருப்பினாள். பக்கவாட்டில் நீளத் தையல், கால்விரல் பக்கம் ஓவர்லாக். பின்கட்டில் எட்டிப் பார்த்தால் தட்டையான நிட்டிங் மெஷின், நீளப் படுக்கையில் வரிசையாக ஊசிகள், மேலே இழுக்கும் கைப்பிடி. கேட்டதற்குக் கடைக்காரர் அசரவில்லை. "கையால்தானே இழுக்கிறோம்?" என்றார்.

அந்த மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். மஃப்ளரும் தொப்பியும் சாதாரண ஸ்வெட்டரும் அதில் பின்னினால் சுத்தமாக வரும், விலையும் கையைக் கடிக்காது, வீட்டிலிருந்தே ஒரு பெண் அதை வைத்துக் குடும்பம் நடத்தலாம். மெஷின் என்று சொல்லி விற்கட்டும், நானே வாங்குவேன். ஆனால் பாட்டிக்கு ஒரு ஜோடி முடிக்க நான்கைந்து நாள் ஆகிறது, அதுவும் வேறு வேலை இல்லாத நாட்களில். மெஷின் காலுறை அதே பெயரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் பாதி விலைக்கு உட்கார்ந்தால் பாட்டி எங்கே போவார்? லாஹௌல் காலுறைக்கும் கையுறைக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தெரியாத வாங்குபவருக்கு அந்தக் குறியீடு என்ன செய்யும் என்று எனக்குப் புரியவில்லை.

பாட்டியின் கவலை வேறு. அவருடைய பேத்தி குல்லுவில் கல்லூரியில் படிக்கிறாள். முன்பென்றால் பனிக்காலத்தில் எல்லோரும் ஒரே அறையில் அடைந்து கிடப்பார்கள். பிள்ளைகள் வேறு வழியில்லாமல் ஊசி எடுப்பார்கள். இப்போது ஜனவரியிலும் பஸ் ஓடுகிறது. (கடும் பனி கொட்டினால் சில நாள் நிற்கும், அவ்வளவுதான்.) பேத்திக்குச் சாதாரணப் பின்னல் தெரியும், குதிகால் தெரியாது. "சுரங்கம் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். என் நாத்தனார் ஒரு டிசம்பர் மாசம் வயித்து வலியில போனா, டாக்டர்கிட்டக் கொண்டுபோக வழியில்லை. இப்போ ஒரு மணி நேரத்துல மணாலி. ஆனா குதிகாலைக் கத்துக்க ஒரு குளிர்காலம் வேணுமே, அது எங்கே கிடைக்கும்?" என்று அக்காவிடம் கேட்டார். அக்காவின் ஹிந்தியில் அதற்குப் பதில் இல்லை. தமிழிலும் எங்களிடம் இல்லை.

அன்றிரவு பாட்டி எனக்குக் கொடுத்த முதல் பாடம் காலுறை இல்லை, மணிக்கட்டு உறை. விரல் மூடாத கையுறை. ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும், அதிகாலை ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கும் இது போதும். சொல்கிறேன், முயன்று பாருங்கள்.

8-ம் நம்பர் ஊசி ஒரு ஜோடி (நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், மறக்க வேண்டாம்), நடுத்தரத் தடிமன் உல்லன் நூல் 50 கிராம். 40 கண்ணி ஏற்றுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று இரண்டு அங்குலம் பின்னினால் இழுத்தால் விரியும் பட்டை வரும். பிறகு ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று நான்கு அங்குலம். கடைசி ஒரு அங்குலம் மறுபடி இரண்டுக்கு இரண்டு. தளர்வாக முடியுங்கள், இறுக்கினால் விரல் நுழையாது. இப்போது ஏழு அங்குல நீளத்தில் ஒரு சதுரத் துண்டு இருக்கும். அதை மடித்துப் பக்கவாட்டில் தையுங்கள். விரல் பக்கத்திலிருந்து ஒன்றரை அங்குலம் தைத்து, கட்டைவிரலுக்கு இரண்டு அங்குலம் திறந்து விட்டு, மீதியைத் தைத்தால் ஒரு கை முடிந்தது. ஒரே நிறத்தில் ஆரம்பிக்கலாம். கை பழகியதும் நடுவில் இரண்டு வரிசைக்கு ஒரு நிறம் மாற்றுங்கள்.

பதிலுக்கு அக்காவும் ஒன்று சொல்லிக் கொடுத்தாள். பழைய டி-ஷர்ட்டின் உடம்புப் பகுதியைக் குறுக்குவாட்டில் ஓர் அங்குலப் பட்டையாக, அறுபடாமல் சுற்றிச் சுற்றி வெட்ட வேண்டும். இழுத்துவிட்டால் பட்டை தானாகவே உள்ளே சுருண்டு கயிறாகிவிடும். விரல் தடிமன் ஊசியில் 30 கண்ணி போட்டு எல்லா வரிசையும் நிட் மட்டும் பின்னினால் ஒன்றரை அடி அகலத்தில் கால்மிதி. தண்ணீரை உறிஞ்சும், துவைத்தாலும் தாங்கும். அக்கா தன் பைக்குள்ளிருந்த ஒரு பனியனையே பலிகொடுத்துச் செய்து காட்டினாள். பாட்டி அந்தக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பருத்தியில் இத்தனை இழுவை இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

ஊர் திரும்பியதும் அக்கா ஐந்து கிலோ கட்டிங் வேஸ்ட்டை மூட்டை கட்டி கேலாங்குக்குப் பார்சல் அனுப்பினாள். போன ஜனவரியில் பேத்தியின் போனிலிருந்து ஒரு போட்டோ வந்தது. வாசலோரம் கால்மிதி, காலுறையின் அதே கட்டங்கள் அதில் பெரிதாக. மேலே பனி ஒட்டிய பூட்ஸ். பின்னியது பாட்டியா பேத்தியா என்று கேட்டு அக்கா அனுப்பிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மணாலியிலிருந்து கேலாங் சுமார் 70 கிலோமீட்டர், அரசு பஸ் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் முதல் நாள் ஓடியாட வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் போனால் வயல் வேலை முடிந்து பின்னல் தொடங்கியிருக்கும். காலுறை வாங்கினால் பின்னியவர் வீட்டிலேயே வாங்குங்கள். நாங்கள் ஆறு ஜோடி எடுத்தோம், பேரம் பேசவில்லை. குளிர்ந்த தண்ணீரில் ஷாம்பு விட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் படுக்க வைத்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் முழங்கால் வரை நீண்டுவிடும்.