மதிலுக்குள் ஓர் இரவு

அரியலூர், பெரம்பலூர்ச் சீமையில் வாழும் நமக்குக் கடல் ஒரு தூரத்து உறவு. ஆயினும் நம் காலடியிலேயே ஒரு பழங்கடல் உறங்குகிறது. சுண்ணாம்புக்கல் வெட்டும் பள்ளங்களில் கிளிஞ்சல்களும் சுருள் வடிவக் கல்லுயிர்ச் சின்னங்களும் வெளிப்படுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நம் சிமெண்டு ஆலைகள் அரைப்பதெல்லாம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் படிவமே. அது விலகிப் போயிற்று. இன்று கடலைக் காண விரும்பினால் வேளாங்கண்ணிக்கு வண்டி கட்டுகிறோம்.

சென்ற தை மாதம் நம் பங்கைச் சேர்ந்த சில குடும்பங்களுடன் அவ்வாறு புறப்பட்டபோது, வழியில் ஓர் இரவு தரங்கம்பாடியில் தங்கலாம் என்று நாம் கருதினோம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் தொடங்கிய இருப்புப்பாதை 1986-இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது சாலை வழிதான். அங்கிருந்து காரைக்கால், நாகை வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 45 கிலோமீட்டர். எனவே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் பயணத்தின் நடுவே நல்ல இளைப்பாறலாகும் என்பது நம் எண்ணம்.

பங்கு இல்லத்தில் கூடிப் பேசியபோது ஓர் அன்பர் எழுந்து, "லுத்தரன் சபையார் வளர்த்த ஊரில் நமக்கு என்ன வேலை சாமி?" என்று வினவினார். நியாயமான கேள்விதான். நம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தோடு என்றும் இணைத்துப் பேசப்படும் வீரமாமுனிவர், தரங்கம்பாடிப் போதகர்களோடு எழுத்தால் கடுமையாக வாதிட்டவர் அல்லரோ? ஆனால் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சேறியது எங்கே? அதே தரங்கம்பாடியில், அந்தச் சபையாரின் அச்சகத்தில்தான்! வாதம் ஒருபுறம் இருக்க, தமிழுக்கு ஆகும் நூல் என்று கண்டபோது அவர்கள் எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். இதைச் சொன்னதும் அன்பர் புன்னகைத்து அமர்ந்தார்.

அடுத்து எழுந்தது, எங்கே தங்குவது என்னும் கேள்வி. வாசகர்கள் இத்தகைய பயணம் மேற்கொண்டால் அவர்களுக்கும் எழக்கூடிய கேள்வி ஆதலின் சற்று விரித்துரைப்போம்.

பெரம்பலூருக்கு வடக்கே உள்ள இரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்பலாம். கோட்டைக்குள் குடியிருப்போர் இல்லை. தரங்கம்பாடி அத்தகையதன்று. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் செய்து டேனியர் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினர். மதிலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எனினும் 1792-இல் மீண்டும் கட்டப்பட்ட நுழைவாயில், அந்த ஆண்டை நெற்றியில் தாங்கி இன்றும் வெண்மையாக நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே சென்றால் நேரே கடல் நோக்கி ஓடும் கிங்ஸ் தெரு; இருமருங்கும் ஆலயங்கள், பழைய மாளிகைகள், குடியிருப்புகள். 1845-இல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். ஆட்சிகள் மாறின, வீதிகளில் வாழ்க்கை நிற்கவில்லை.

தங்குவதற்கு மூன்று வழிகள் நம் முன் இருந்தன. முதலாவது, கடலை நோக்கி நிற்கும் பழைய மாளிகை விடுதி. அழகு மிகுதி, கட்டணமும் மிகுதி. இரண்டாவது, மதிலுக்குள்ளேயே, வாயிலுக்கு அண்மையில் தங்க இடம் தரும் பழைய வீடு. தடித்த சுவர், திண்ணை, நடுமுற்றம். சில அறைகளுக்கு மட்டும் படியேற வேண்டும். மூன்றாவது, மதிலுக்கு வெளியே பொறையாற்றிலோ காரைக்காலிலோ உள்ள சாதாரண விடுதிகள். செலவு குறையும், உணவகங்களும் அருகிலேயே உண்டு; ஆனால் ஊரைக் காண வண்டியில் வந்து வண்டியில் திரும்ப வேண்டும்.

இங்கே நாம் ஒரு தவறு செய்தோம். கடலோர மாளிகையில் ஒரு முறையேனும் தங்க வேண்டும் என்ற ஆசை நமக்கே இருந்தது. எவரையும் கலந்து பேசாமல், கட்டணத்தில் பாதியை நாமே ஏற்பதாக எண்ணி, முன்பணம் அனுப்பிவிட்டோம். பங்கு மக்களுக்கு நன்மை செய்கிறோம் என்று மனத்துக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

புறப்படுவதற்கு இரு நாட்களுக்கு முன், எழுபது வயதைக் கடந்த ஒரு தாய் திருப்பலி முடிந்ததும் வந்து நின்றார். "சாமி, என்னை வண்டியிலேயே படுக்கச் சொன்னாலும் படுத்துக்கொள்கிறேன். கடலுக்கு எதிரே மட்டும் படுக்க வைக்காதீர்கள்" என்றார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், தம் தங்கையோடு வேளாங்கண்ணியில் இருந்தவர் அவர். பேரலைக்குப் பின் அவர் மட்டுமே ஊர் திரும்பினார். அதன் பின்பும் அன்னையைத் தரிசிக்க ஆண்டுதோறும் செல்கிறார். ஆனால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பிவிடுவார். இத்தனை ஆண்டுகளாக அவருடைய பங்கில் பணியாற்றியும் இதை நாம் கேட்டறியவில்லை.

அன்றே மாளிகை அறைகளை வேண்டாம் என்று அறிவித்தோம். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பவில்லை. அந்த இழப்பு நமக்குத் தகுந்த பாடமே. பொறையாறு போகலாமா என்று அவரிடமே கேட்டோம். "எல்லாரும் ஊரைப் பார்க்க வேண்டும் அல்லவா? வாசல் பக்கத்து வீடே போதும்" என்று அவரே முடிவு சொன்னார்.

தரங்கம்பாடி என்றாலே அலைகள் பாடும் இடம் என்று பொருள் கூறுவர். ஆதலின் மதிலுக்குள் எங்கே படுத்தாலும் ஓசை அறவே கேளாமல் இருக்காது. ஆயினும் வாயிலருகே, வீதிக்கு முதுகு காட்டிய உள்ளறையில், தடித்த சுவர்களுக்கு நடுவே அது தூரத்துக் காற்றைப் போலவே வந்தது. அந்தத் தாய்க்குப் பேத்தி துணையிருந்தாள். நள்ளிரவுவரை செபமாலை உருட்டும் மெல்லொலி கேட்டது. பின்பு அதுவும் அடங்கியது.

மதிலுக்குள் தங்கியதன் பயன் விடியலில் விளங்கியது. கதிரவன் எழுமுன் ஊர் முழுவதையும் நடந்தே பார்த்தோம். 1701-இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், அதனுள் 1719-இல் அடக்கம் செய்யப்பட்ட சீகன்பால்கு ஐயரின் கல்லறை. 1706-இல் இக்கரையில் இறங்கிய அவர், தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கே அச்சாகி முடிந்தது. கடலோரத்தில், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் விழுங்கியிருக்கும் காட்சியையும் கண்டோம். பத்து மணி வெயிலில் வண்டியிலிருந்து இறங்குவோருக்கு இந்த அமைதி கிட்டாது. கோட்டையின் உட்புற அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் செல்வோர் நினைவில் கொள்க.

கோட்டைக்கு முன்னுள்ள திடல்வரை அந்தத் தாயும் வந்தார். மணலில் இறங்கவில்லை. கரையில் கொட்டியிருக்கும் பெருங்கற்களை நெடுநேரம் நோக்கியிருந்து, "இவை கடலைத் தடுக்குமா சாமி?" என்றார்.

"கொஞ்சம் தடுக்கும் அம்மா."

"கொஞ்சம் தடுத்தாலும் போதும்" என்று சொல்லிப் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு வீதிப் பக்கம் திரும்பினார்.

நம் ஆண்டவர் சீடர்களை ஊர் ஊராக அனுப்பியபோது, தங்கும் வீட்டைப் பற்றியும் அறிவுரை கூறினார்; வீடு விட்டு வீடு மாறித் திரிய வேண்டாம் என்றார். இன்னும் வசதியான இடம் தேடி அலையும் மனம் பணிக்கு உதவாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். அன்பார்ந்த குடும்பத்தாரே, நீங்களும் தரங்கம்பாடி செல்லுங்கள். இயலுமாயின் மதிலுக்குள்ளேயே ஓர் இரவு தங்குங்கள். ஆனால் முன்பணம் அனுப்புமுன், உங்கள் குழுவில் மிகவும் தளர்ந்தவர் யாரோ அவரிடம் சென்று, "உங்களுக்கு எங்கே உறக்கம் வரும்?" என்று கேளுங்கள். நாம் கேட்கத் தவறிய கேள்வி அது.