பதினைந்தும் ஐந்தும் மூன்றும்

நூலுக்கு உரை தேடும் பழக்கம் தமிழ் படிப்பார்க்குப் புதிதன்று. நூற்பாவைக் கையில் வைத்துக்கொண்டு இளம்பூரணரையும் சேனாவரையரையும் மாறிமாறிப் புரட்டியவர்களே நாம் அனைவரும். ஆயினும் கணினி நிரல்மொழி ஒன்றுக்கு உரை தேட நேர்ந்தபோது, தேடுதல் என்னும் தொழிலையே நாம் புதிதாகப் பயில வேண்டியதாயிற்று. அதுபற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

நம் துறையின் முதுகலை மாணவி ஒருவர் கட்டளைக் கலித்துறையை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். ஒற்று நீக்கி எண்ணுங்கால் நேரசையில் தொடங்கும் அடிக்கு எழுத்து 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என்பது யாப்பு விதி. திருக்கோவையாரின் 400 பாடல்களிலும் இதனைச் சரிபார்க்க வேண்டும், அடிகளோ 1600. பொறியியல் படிக்கும் அவருடைய தம்பி, ‘பைத்தான்’ என்னும் நிரல்மொழியில் எழுதினால் நொடியில் எண்ணிவிடலாம் என்று வழி கூறினான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்ட மொழி அது. பெயர் மலைப்பாம்பைக் குறிப்பதன்று. ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து எடுத்தது.

நீளத்தைக் கூறும் ‘லென்’ என்னும் கட்டளையிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தார் மாணவி. அவருடைய மடிக்கணினி 5 என்றது. மொழியின் பழைய பதிப்பு இருந்த துறைக் கணினி 15 என்றது. தொல்காப்பியர் வழியில் த, மி, ழ் என எழுத்து மூன்றுதான். “ஐயா, இதற்குத் தமிழ் தெரியவில்லை. நான் கையாலேயே எண்ணிக்கொள்கிறேன்” என்றார். ஆய்வேட்டை ஒப்படைக்க இருபது நாள்களே எஞ்சியிருந்தன. தமிழ் படித்தவர்க்குக் கணினி எதற்கு என்று கேட்போர் ஊரில் பலர். அவர்களோடு இவரும் சேர்ந்துவிடுவாரோ என்பதே நம் கவலையாயிருந்தது.

பைத்தான் தன் உரையைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. ‘ஹெல்ப்’ என்றெழுதி, அடைப்புக்குறிக்குள் கட்டளையின் பெயரைத் தந்தால் விளக்கம் வரும். இணைய இணைப்பும் வேண்டா. ‘லென்’ என்பதற்கு விளக்கம் கேட்டோம். கொள்கலம் ஒன்றிலுள்ள உருப்படிகளின் எண்ணிக்கையைத் தரும் என ஒரே வரியில் விடை வந்தது. நன்னூலாரும் இத்துணைச் சுருக்கமாகச் சொல்லியிரார்! உருப்படி என்பது யாது? அதனை அவ்வரி கூறவில்லை. அதை அறிய வேறு எப்பெயரைச் சொல்லிக் கேட்பது?

இடர் இங்கேதான் இருக்கிறது. பெயர் அறிந்தவனுக்கே அக்கதவு திறக்கும். அகராதியின் இயல்பும் இதுவே. பொருளை அறிந்து பெயரை அறியாதவன் என் செய்வான்? நம் முன்னோர் நிகண்டு இயற்றியது அவனுக்கும் உதவத்தான். சேந்தன் திவாகரத்தின் 12 தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருளின் வழியே உட்புகுந்து பெயரைக் கண்டுகொள்ளலாம். 1732-இல் சதுரகராதி செய்த வீரமாமுனிவரும் பெயரகராதியோடு அமையவில்லை. பொருள், தொகை, தொடை என மேலும் மூன்று வாயில்கள் வைத்தார்.

பைத்தானின் முழு ஏட்டிலும் இத்தகைய வாயில்கள் உள்ளன. தொடக்கநிலையார்க்குப் ‘டுடோரியல்’ என்னும் பாடநூல், மொழியின் இலக்கணம், தனித்தனிப் பணிகளுக்கான ‘ஹவ்-டு’ கட்டுரைகள், இறுதியில் அகரநிரல் சுட்டி என்பன அவை. இவற்றோடு கருவிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த ‘லைப்ரரி ரெஃபரன்ஸ்’ என்றொரு பகுதியும் உண்டு. நிகண்டு இதுதான். மாணவர்கள் தேடுபெட்டியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பொருளடக்கத்தைப் படிக்கும் பொறுமை இக்காலத்தில் அருகிவிட்டது.

நாங்கள் இருவரும் நிகண்டின் வழியே சென்றோம். எழுத்துத்தொடர் பற்றிய பகுதியில் ஒரு வாக்கியம் ஐயத்தைத் தீர்த்தது. எழுத்துத்தொடர் என்பது யூனிகோட் ‘கோட் பாயின்ட்’டுகளின் வரிசை என்றது அது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என உருப்படி ஐந்து. பழைய இரண்டாம் பதிப்போ இவற்றைச் சேமிக்கும் ‘பைட்’டுகளை எண்ணியது, ஒன்றுக்கு மூன்றாக 15. மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான பராமரிப்பு 2020 தொடக்கத்தோடு நின்றது. எந்தப் பாடத்துக்கு எழுதிய உரை என்று பார்த்தே உரையைப் படிக்க வேண்டும் என்பது சுவடி கண்டார்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே நிகண்டில், உரைத் தொகுதிக்குரிய கருவிகளின் வரிசையில், ‘யூனிகோட்டேட்டா’ என்ற கருவி கிடைத்தது. எழுத்து ஒன்றைக் கொடுத்தால் அதன் பெயரையும் வகையையும் கூறும். பெயர்களைக் கண்டு திகைத்தோம்! நம் புள்ளிக்கு அங்கே ‘விராமா’ என்று பெயர்; ஆய்தத்துக்கு ‘விசர்கா’. ழகரத்துக்கோ ஆங்கில ‘எல்’ மூன்றை அடுக்கி ஓர் ‘ஏ’ சேர்த்திருந்தனர். ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோட் அமைப்பின் விதியாம். ‘புள்ளி’ என்று காலமெல்லாம் தேடினும் அவ்வேட்டில் புள்ளி அகப்படாது.

வகைப்பாடு மட்டும் நமக்கு உதவிற்று. உயிரும் அகரமேறிய மெய்யும் ஆய்தமும் ‘எழுத்து’ என்னும் வகையின. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘குறி’ என்னும் வகையின. ஆகவே எழுத்துகளை எண்ணி, புள்ளிகளையும் ஆய்தங்களையும் கழித்தால் ஒற்று நீங்கிய தொகை வந்துவிடும். ‘தமிழ்’ என்பதில் எழுத்து மூன்று, புள்ளி ஒன்று, எஞ்சுவது இரண்டு. மாணவி ஏழே வரிகளில் நிரலை எழுதி முடித்தார். விதிக்கு மாறாக நின்ற அடிகளை அச்சு நூலோடு ஒப்பிட்டபோது, பெரும்பாலானவை பதிப்பாசிரியர் சந்தி பிரித்த இடங்களாயிருந்தன. ‘கண்டென்’ என்பது ‘கண்டு என்’ எனப் பிரிந்தால் ஓரெழுத்து மிகுமன்றோ? ஆய்வேட்டின் ஓர் இயல் இதிலிருந்தே பிறந்தது.

இன்று செய்யறிவுச் செயலியிடம் கேட்டால் இவ்வேழு வரிகளும் உடனே வந்துவிடும் என்பதை அறிவோம். வந்தது சரிதானா என்று காண மீண்டும் அவ்வேட்டுக்கே செல்ல வேண்டும். அதுவோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஜப்பானியரும் கொரியரும் பிரெஞ்சுக்காரரும் அதனைத் தத்தம் மொழியில் பெயர்த்து வைத்துப் படிக்கின்றனர். தமிழ்வழியில் பயின்று வரும் நம் பிள்ளைகளுக்கு ‘கோட் பாயின்ட்’டும் ‘விராமா’வும் ஒன்றுபோல் அயல்தாம்.

அம்மாணவி ஆய்வேட்டை ஒப்படைத்த பின்னர், துறைக் கணினியின் அருகே தாளொன்றை ஒட்டிச் சென்றார். இடப்புறம் நாம் வழங்கும் பெயர். வலப்புறம் ஏட்டில் தேட வேண்டிய பெயர். முதல் வரியில் புள்ளி, இரண்டாவதில் ஆய்தம். பின்வந்த மாணவர்கள் தம் கையெழுத்தில் தொடர்ந்து சேர்த்துவர, அத்தாள் இப்போது 42 வரிகளில் நிற்கிறது.