சுவரில் எழுதிய பெயர்கள்

கட்டக்கிலிருந்து ஜகத்சிங்பூர் வழியாக எரசமாவுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். முதலில் நெல்வயல், தென்னை, வீட்டுக்கு வீடு பாசி படிந்த குளம். பிறகு ஓலை வேய்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள். எரசமா தாண்டிக் கடலை நெருங்க நெருங்க, சதுரம் சதுரமாக இறால் பண்ணைகள். வயலாக இருந்ததையெல்லாம் உப்புநீர் எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தத் தட்டையான உலகத்தில் நிமிர்ந்து நிற்பது ஒரே ஒரு கட்டடம்தான்: தடித்த தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும் புயல் பாதுகாப்பு இல்லம். கீழ்த்தளத்தில் சுவரே கிடையாது. கடல் வந்தால் தடையில்லாமல் புகுந்து போகட்டும் என்று வழி விட்டிருக்கிறார்கள். விரோதியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மாதிரி.

ஒடிசாவின் இந்த மூலையில் காலத்தையே இரண்டாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். மகாபாத்யாவுக்கு முன், மகாபாத்யாவுக்குப் பின். 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் அருகே கரையேறிய அந்தப் பெரும்புயலின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். காற்றோடு 5, 6 மீட்டர் உயரத்துக்குக் கடலும் எழுந்து வந்தது. அரசுக் கணக்குப்படியே மாநிலத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். அதில் 8,000க்கு மேல் இந்த ஜகத்சிங்பூர் ஒரு மாவட்டத்தில் மட்டும். விசித்திரம் என்னவென்றால், இது புதிதல்ல. 1971லும் இதே அக்டோபர் கடைசியில், இதே பாராதீப் பக்கம் வந்த புயல் அதே அளவு உயிர்களைக் கொண்டுபோனது. இடையில் 28 ஆண்டுகள் இருந்தன.

1999லும் எச்சரிக்கை வராமல் இல்லை. வானொலி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கே ஓடுவது என்பதை யாரும் சொல்லவில்லை. ஓடினாலும் மண்சுவர், ஓலைக்கூரை. மாநிலம் முழுவதற்கும் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 23 பாதுகாப்பு இல்லங்கள்தான் இருந்தன. அவற்றில் புகுந்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்களில் தென்னையைக் கட்டிப்பிடித்துத் தொங்கியவர்கள் சிலர் பிழைத்தார்கள். "மரத்தின் மேலிருந்து பார்த்தபோது ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை" என்கிறார் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் போய்ச் சேர்ந்த நாள் ஜூன் 19. ஆண்டுதோறும் அன்று கடலோரப் பாதுகாப்பு இல்லங்களில் புயல் ஒத்திகை. ஒத்திகை என்றதும், அதிகாரிகள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும் சமாச்சாரமாகத்தான் இருக்கும் என்ற அலட்சியத்தோடு போனேன். கொஞ்சம் அப்படியும் இருந்தது. சங்கு ஊதியதும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ஒருவன் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆடு மட்டும்தான் நிஜமாகவே பயந்தது. ஸ்ட்ரெச்சரில் காயம்பட்டவனாகப் படுத்திருந்த இளைஞன் நடுவழியில் மூக்கைச் சொறிந்துகொண்டான்.

சிரிப்பு நின்றது தெருக்கோடி வீட்டில். அந்த வீட்டுக் கிழவி வரமாட்டேன் என்றாள். ஒத்திகைக்கே வரமாட்டேன் என்றாள். பசுவை விட்டுவிட்டு எப்படி வருவது? மீட்புக் குழுவில் இருந்த பெண் அவள் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். "மாவுசி, பசுவுக்கும் இடம் இருக்கு. மேட்டுக்கு உங்க பசுவை யார் ஓட்டிட்டுப் போகணும்னு பேர் எழுதி வெச்சிருக்கோம்." கிழவி யார் அந்த ஆள் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும், "அவனா? அவன் ஒழுங்காகக் கட்டமாட்டான்" என்றாள். கால் மணி நேரப் பேரத்துக்குப் பிறகு ஆளை மாற்றினார்கள். கிழவி எழுந்தாள். திட்டம் என்றால் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. புவனேஸ்வரத்தில் இருக்கும் எந்த வரைபடத்திலும் அந்தப் பசு கிடையாது.

இந்த ஊரின் வரைபடத்தை ஊரேதான் போட்டது. முதலில் கோயில் முன்னால் தரையில், கோலப்பொடியால். எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்தக் கிணற்று நீர் உப்பாகும், எந்த வரப்பில் இருட்டிலும் நடக்கலாம், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் கண் தெரியாதவர் என்றெல்லாம் ஒவ்வொருவராக வந்து குறித்திருக்கிறார்கள். ஆண்கள் சாலையையும் படகையும் போட்டார்களாம். பெண்கள்தான் குடிநீரையும், யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக இருக்கும் வீடுகளையும் போட்டார்கள். பிறகு அதைக் காகிதத்தில் எழுதி, கடைசியில் பாதுகாப்பு இல்லத்தின் சுவரில் பெயின்ட்டில் தீட்டிவிட்டார்கள். பக்கத்திலேயே குழுக்கள்: எச்சரிக்கை, மீட்பு, முதலுதவி, உணவு. ஒவ்வொன்றின் கீழும் பெயர்கள். மாடியறையில் ஒலிபெருக்கி, கயிறு, மிதவைச் சட்டை, விழுந்த மரத்தை அறுக்கும் ரம்பம். வருஷத்தில் மற்ற நாட்களில் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல், முகூர்த்த நாளில் கல்யாணம். பூட்டி வைத்த கட்டடம் புயல் வரும்போது திறக்காது என்பது இவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை. புயல் மாதங்களில் வீட்டுக்கு வீடு சூடாவும் குடாவும், அதாவது நம்மூர் அவலும் வெல்லமும், மூட்டை கட்டித் தயாராக இருக்கும்.

இதற்குப் பலன் இல்லாமல் இல்லை. 1999 டிசம்பரிலேயே ஒடிசா பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தது. நாடு முழுமைக்குமான சட்டம் வர 2005 ஆயிற்று. இப்போது மாநிலத்தில் இத்தகைய இல்லங்கள் 800க்கு மேல். 2013ல் பைலின் கோபால்பூரைத் தாக்கியபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. 2019ல் ஃபனி பூரி அருகே வந்தபோது நகர்ந்தவர்கள் 12 லட்சம், இறந்தவர்கள் 64 பேர். பத்தாயிரம் எங்கே, அறுபத்து நான்கு எங்கே! 2020ல் இந்த மாவட்டத்து நோலியாசாஹியும், கஞ்சம் மாவட்டத்து வெங்கட்ராய்ப்பூரும் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்திடம் சான்றிதழ் பெற்றன. இந்தியப் பெருங்கடல் பகுதியில் அதுவே முதல் தடவை.

ஆனால் சுவரில் இன்னொரு சங்கதியும் இருந்தது. மீட்புக் குழுவின் பட்டியலில் பல பெயர்கள் வெள்ளையடித்து அழிக்கப்பட்டு, மேலே வேறு பெயர்கள். செத்துப்போனவர்களோ என்று நினைத்தேன். இல்லை. சூரத்தில் இருக்கிறார்கள், கேரளத்தில் இருக்கிறார்கள். ஒருவன் திருப்பூரில். "எந்த ஊர் அண்ணா?" என்று திடீரென்று தமிழில் கேட்டு என்னைத் திடுக்கிட வைத்தவன், மூன்று வருஷம் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்த்துவிட்டு அம்மாவின் உடம்புக்காகத் திரும்பி வந்தவன். இன்னும் இரண்டு மாதத்தில் மறுபடி போய்விடுவானாம். புயல் வருவதோ அக்டோபரில்.

ஏன் போகிறான்? உயிர் பிழைத்தவனுக்குப் பிழைப்பு வேண்டுமே. ஃபனியில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சேதம். பாதுகாப்பு இல்லத்திலிருந்து இறங்கி வந்தால் வீடு இல்லை, வயலில் உப்பு, கொடிக்கால் தரைமட்டம். ஒருவர்கூட சாகக் கூடாது என்பது அரசின் லட்சியம், நல்ல லட்சியம்தான். சாகாதவர்கள் மறுநாள் என்ன செய்வது என்பதற்குச் சுவரில் இடம் போதவில்லை. உடைந்த கொடிக்காலுக்குக் கடன் யார் கொடுப்பார் என்று ஊர்த் திட்டத்தில் எழுத முடியாது. இறால் பண்ணைக்காகக் கரையை வெட்டிக் கடல்நீரை உள்ளே விடுபவரை ஊர்க் குழு தட்டிக்கேட்கவும் முடியாது. பல இடங்களில் அவர்தான் ஊரில் பெரிய மனிதர். வடக்கே கேந்திரபாடாவில், அலையாத்திக் காடு அகலமாக இருந்த கிராமங்களில் 1999ல் சாவு குறைவாக இருந்தது என்று 2009ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. பாராதீப் பக்கம் துறைமுகத்துக்கும் குடியேற்றத்துக்குமாக அந்தக் காடு எப்போதோ போய்விட்டது. மறுபடி நடுகிறார்கள். நட்டது வளர வேண்டும்.

ஆண்கள் போன இடத்தில் பெண்கள் வந்திருக்கிறார்கள். அழித்து எழுதிய பெயர்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவைதான். கிழவியின் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசியவளின் கணவனும் கேரளத்தில் கல் சுமக்கிறான். 2024 அக்டோபரில் டானா புயல் தாம்ராவுக்கும் பிதர்கனிகாவுக்கும் நடுவே கரையேறிய இரவில், வாசல் வாசலாகப் போய்க் கதவு தட்டியது அவள்தான். பயமாக இல்லையா என்று கேட்டேன். இருந்தது என்றாள். ஆனால் தன் பெயர் சுவரில் இருக்கிறதே, போகாமல் எப்படி இருப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு நின்றபோது கிழவி பசுவோடு திரும்பிக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கையிலேயே இருந்தது. மாற்றி எழுதிய ஆள் நான்கடி பின்னால் வெறுங்கையோடு நடந்து வந்தான்.