உதைப்பதற்கு முன்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நம்மவர்கள் முதலில் செய்வது உதைப்பதுதான். வியர்வை கொட்ட இருபது தடவை உதைத்த பிறகுதான், டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பார்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது முழங்காலுக்கும் ஆகாது, நெஞ்சுக்கும் ஆகாது.

எந்தப் பெட்ரோல் வண்டியானாலும் எஞ்சின் ஓட மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்து உள்ளே போக வேண்டும். பிஸ்டன் அந்தக் கலவையை அமுக்க வேண்டும். சரியான நேரத்தில் பொறி விழ வேண்டும். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காணாமல் போன ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவோமே, அதே முறைதான். காசு செலவில்லாத சோதனை முதலில், ஸ்பானர் எடுப்பது அப்புறம், எஞ்சினைப் பிரிப்பது கடைசியில்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். 1980களில் வாங்கிய புல்லட் வைத்திருக்கிறார். 1956 முதல் திருவொற்றியூரில் தயாரான அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டியை நம் வயதுக்காரர்கள் சத்தத்திலேயே அடையாளம் சொல்வார்கள். மனைவி இருந்தவரை அழகர்கோவிலுக்கு அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் போன வண்டி. மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர் உதைத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், "எஞ்சினை இறக்கி போர் போடணும் சார். இல்லாட்டி எடைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். மகனும் போனில், "வித்துருங்கப்பா" என்றான். ஆசிரியர் என்னிடம் வந்து, "சார், நீங்க ஒரு தடவை பாருங்க. அப்புறம் கொடுத்துடறேன்" என்றார்.

முதலில் சாவியைப் போடாமல் கிக்கர் மேல் மெதுவாக ஏறி நின்றேன். டீகம்ப்ரஷன் லீவரைத் தொடவில்லை. கிக்கர் என் எடையைத் தாங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. அமுக்கம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. போர் தேய்ந்துபோன எஞ்சின் இப்படித் தாங்காது.

அடுத்தது பொறி. பழைய புல்லட்டில் ஆம்மீட்டர் ஒரு நல்ல நாடித்துடிப்பு. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்பக்கம் சாயும்; திறக்கும்போது நடுவுக்கு வரும். இந்த வண்டியில் முள் அசையவே இல்லை. ஹாரன் அடித்தது, ஆக, பாட்டரியில் உயிர் இருந்தது. பாயிண்ட் மூடியைக் கழற்றினோம். மூன்று மாத ஈரத்தில் முனைகளில் பூஞ்சை பிடித்தது போல ஒரு படலம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தோம். முள் ஆடியது.

பிறகு பிளக். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் ஸ்பார்க் பிளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் 'பூஜி' என்ற ஒரே சொல்தான். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி, ஆனால் பிளக் துவாரத்தைவிட்டுத் தள்ளி வைத்து உதைத்தால், நீலமாகப் பளிச்சென்று பொறி தெரிய வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி நீலமாகவே விழுந்தது.

அப்படியும் வண்டி கிளம்பவில்லை. மிச்சம் இருந்தது பெட்ரோல் மட்டும்தான். கார்ப்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால் பழைய வார்னிஷ் வாடை. கிண்ணத்தையும் ஜெட்டையும் சுத்தம் செய்து, டாங்கைக் காலி செய்து, புதுப் பெட்ரோல் ஒரு லிட்டர் ஊற்றினோம். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் ஒன்றும் பேசவில்லை. ஆக்ஸிலேட்டரைப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றுகொண்டிருந்தார்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் வாரம் ஒரு முறை வண்டியை ஓட்டிவைக்க ஆள் ஏற்பாடு செய்வது நல்லது.

1980-இல் வந்த டி.வி.எஸ். 50 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியா? ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடுவதால் பிளக்கில் கரி அடைக்கும். முதலில் அதைத் துடையுங்கள். மழை நாளில் மணிநகரம் கர்டர் பாலத்துத் தண்ணீரில் இறங்கி வண்டி நின்றுவிட்டதா? ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் கெட்டுவிடும். நனையவில்லை என்றால் பிளக் கேப்பைக் கழற்றி உலரத் துடைத்துப் பாருங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் கிடையாது. சாவியைப் போட்டதும் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகும். அந்தச் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், வலது கைப்பிடியில் இருக்கும் சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கிவிட்டிருப்பார்கள். சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் சில வண்டிகள் கிளம்பாது.

இத்தனையும் பார்த்த பிறகு மெக்கானிக்கிடம் போகலாம். அப்போது, "ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "தம்பி, கம்ப்ரஷன் இருக்கு, பொறி வருது, பெட்ரோல்தான் இறங்கலை" என்று சொல்லிப் பாருங்கள். எஞ்சினை இறக்குகிற பேச்சு அவ்வளவு சீக்கிரம் வராது.