வாப்பும்மா கேட்ட கேள்வி

கற்பிட்டி மணலில் கிணறு வெட்டப் பெரிய பாடு இல்லை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணி வரும். வெங்காயத் தோட்டத்துக்கும் அதுதான், தேத்தண்ணிக்கும் அதுதான். அப்படியான தண்ணியைச் சாட்டி நாட்டில் ஒரு சட்டம் வந்தபோது நாங்கள் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

2020இல் நாங்கள் மூன்று பேரும் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி கற்பிட்டி, ஒருத்தன் உடப்பு, மற்றவன் தலவில பக்கம். மூவரும் கலைப்பிரிவு. விஞ்ஞானம் எங்கட பாடமில்லை என்று நினைத்திருந்தோம். ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்க வேண்டும். புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலக்கும் என்றார்கள். புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. 'விஞ்ஞானம் சொல்லுது' என்றால் எங்களுக்குக் கதை முடிஞ்சுது.

டிசம்பரில் கற்பிட்டிக்காரியின் வாப்பும்மாவுக்குக் காய்ச்சல், மூச்சும் வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "அங்க போனா எரிச்சிருவாங்க மகள், என்னை இங்கயே வெச்சிருங்க" என்றா. தண்ணி பழுதாகும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள் என்று பேத்தி விளங்கப்படுத்தப் பார்த்தாள். வாப்பும்மா சொன்னா: "நம்மட கிணத்துக்குப் பக்கத்துலதானே கக்கூஸ் குழி இருக்கு. நோயாளியும் அதுலதானே போறான். அதுக்கு ஏன் சட்டம் போடல்ல?"

பேத்தியிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

கம்பஸ் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எவ்வளவு சரி என்று விளங்கியது. வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேணும். செத்த உடலில் அது பெருகாது. உயிரோடு இருக்கும் நோயாளியின் மலத்திலோ அந்த வைரஸின் தடயம் இருக்கும். இன்னொன்றும் வாசித்தோம். கற்பிட்டிக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். குடிநீரில் லீட்டருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. பல கிணறுகள் அதைத் தாண்டியிருந்தன. அந்தத் தண்ணிக்காக ஒரே இரவில் வர்த்தமானி வந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அதே டிசம்பரில் தம்மிக்க பாணிக் கதையும் ஓடியது. காளி அம்மன் சொல்லித் தந்த மருந்து என்று கேகாலையில் ஒருவர் பாணி கொடுத்தார். ஆயிரக்கணக்கில் சனம் குவிந்தது. சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சியும் அதைக் குடித்தார். ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. ஜனாஸாவை எரிக்கச் சொன்னதும் அவருடைய அமைச்சுதான். ஒரு கையில் அம்மன் அருள், மறு கையில் விஞ்ஞானம். இரண்டுக்கும் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. கொரோனாவை ஒரு நாவல் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று வட்ஸ்அப்பில் வந்ததை நாங்களும் பரப்பினோம். அது டீன் கூன்ட்ஸ் 1981இல் எழுதிய நாவல். முதல் பதிப்பில் அந்தக் கிருமியின் பெயர் ரஷ்ய ஊரை வைத்து 'கோர்க்கி-400'. பிந்திய பதிப்பில்தான் அது 'வூஹான்-400' ஆனது. புனைகதையை விஞ்ஞானமாக்கி, அதற்கு மேல் மார்க்கத்தையும் பூசி அனுப்பினது நாங்கள்தான்.

புனைகதை என்றால் ஆர்தர் சி. கிளார்க்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1956இலிருந்து இங்கேயே வாழ்ந்த மனிசன். 1979இல் வந்த அவருடைய நாவல் ஒன்றில், விண்வெளிக்கு லிஃப்ட் கட்ட ஒரு மலை உச்சி தேவைப்படுகிறது. உச்சியில் பிக்குகளின் மடம். பொறியியலாளர் மடத்துக்குப் போய்ப் பேசுகிறார், வழக்கும் நடக்கிறது. கற்பனை நாட்டில் அவ்வளவு மரியாதை. உண்மையான நாட்டில், கட்டாய எரிப்புக்கு எதிரான மனுக்களை 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை.

கிளார்க் 2008இல் மௌத்தானார். எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். கொழும்பு கனத்தையில் அவரைப் புதைத்தார்கள். கடவுளை நம்பாதவருக்குக் கிடைத்த ஆறடி மண், நம்பின எங்கட சனத்துக்குப் பத்து மாசத்துக்கு மேல் கிடைக்கவில்லை.

2021 பெப்ரவரி கடைசியில் அனுமதி வந்தது, அதுவும் ஓட்டமாவடியில் ஓர் இடத்தில் மட்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிந்தவர்களுக்கு அதில் என்ன?

உடப்புக்காரன் வீட்டில் எரிப்பதுதான் வழக்கம். அவனே சொன்னான்: "எரிக்கிறது பிழையில்லடா. கேட்காம எரிக்கிறதுதான் பிழை." அந்த நேரத்திலேயே இதை வெளியில் சொல்லியிருக்கலாம். விஞ்ஞானம் படித்தவர்கள் பேசட்டும் என்று இருந்துவிட்டோம். ஆனால் எந்தக் கிணறு, என்ன பரிசோதனை, யார் பார்த்தது என்று கேட்க விஞ்ஞானப் பிரிவு தேவையில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற வாப்பும்மா கேட்டா.

அவ ஆஸ்பத்திரிக்குப் போகாமலே தப்பினா, அல்ஹம்துலில்லாஹ். இன்றைக்கும் அதே கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறா. அந்தத் தண்ணியில் நைத்திரேற்று எவ்வளவு என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு போத்தல் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுக்கப் போகிறோம்.