பேத்திக்கு: நம் மலையின் கோல்ப் திடல் பற்றி

தானா ராத்தா,
கேமரன் மலை.

அன்புள்ள பேத்திக்கு,

செர்டாங்கில் உங்கள் பல்கலைக்கழகத்துக் கோல்ப் திடலைப் பார்த்துவிட்டு, “படிக்கிற இடத்துக்கு இது எதுக்கு தாத்தா?” என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் திடல் வைத்துக்கொள்வது புதிதில்லை, கண்ணு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1926-லேயே காடும் சதுப்புமாகக் கிடந்த இடத்தைத் திருத்தித் திடல் திறந்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகமோ 1931-ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கியது. விவசாயம் படிப்பவர்களுக்குப் புல்லும் ஒரு பயிர்தானே. எந்த மண்ணில் எந்தப் புல் வேர் பிடிக்கும், பெய்த மழை எந்தப் பக்கம் வடியும், போட்ட உரத்தில் எவ்வளவு ஆற்றுக்குப் போகும் என்பதையெல்லாம் கண்ணெதிரே பார்த்துப் படிக்க அதைவிட நல்ல வயல் உனக்குக் கிடைக்காது.

நான் அறிந்த திடல் நம் மலையில் இருப்பதுதான். வில்லியம் கேமரன் 1885-ல் இந்த மலையை அளக்க வந்தார். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-ல் வெள்ளைக்கார அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் இளைப்பாற ஏற்ற இடம் என்று முடிவு செய்த பிறகுதான் தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929-ல் ரஸ்ஸல் துரை ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறிக்க நம் ஆட்கள் வந்தார்கள். 1935-ல் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவிலிருந்த காட்டுப் பள்ளத்தாக்கைத் திருத்தி ஆறு குழிகளோடு திடல் போட்டார்கள். அது ஒன்பதாகி, பிறகு 18 ஆனது. துரைமார் தேயிலை நட்ட மலைகளில் திடலும் கூடவே வந்துவிடும். நுவரெலியாவில் 1889-லேயே வந்துவிட்டது.

சிறுவயதில் நானும் லயத்துப் பையன்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பை தூக்கப் போவோம். காலில் செருப்பு இருக்காது. விடியற்காலைப் பனியில் புல் ஊசியாய்க் குத்தும். பந்து காட்டுக்குள் போய்விட்டால் அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு தேடி எடுத்து வர வேண்டும். கையில் விழும் காசு அம்மாவுக்குப் போகும். எந்தச் சரிவில் பந்து எப்படி உருளும் என்று எங்களுக்கு அத்துப்படி. ஆனால் கோலைத் தொட்டு ஒரு அடி அடித்துப் பார்க்க எங்களை யாரும் அழைத்ததில்லை. அந்தக் குறை இன்றும் மனசில் இருக்கிறது.

இன்றைக்கு அந்தத் திடல் சுல்தான் அகமட் ஷா பெயரில் உள்ள கிளப். 18 குழி, பார் 71. கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். கோல்களையும் வாடகைக்கு எடுக்கலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் என்பதால் பகல் பன்னிரண்டு மணிக்கும் உடம்பு வேர்க்காது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே ஆட வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவும் நான் எழுதியதற்கு வேறு காரணம் உண்டு, கண்ணு. நம் மலைச் சாலையோரம் நின்று பார். மலைச்சரிவெல்லாம் காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள். அதில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் ஓடையாகப் பாய்ந்து, சரிவை அரித்துக்கொண்டு பெர்தாம் ஆற்றில் சேருகிறது. 1963-ல் அணை கட்டி உண்டாக்கிய ரிங்லெட் ஏரியில் வண்டல் ஏறி ஏறி, தூர் வாரத் தூர் வார நிறைந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையைத் திறந்துவிட, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தத் திடலின் புல்லும் அப்படித்தான். திடலுக்கும் உரமும் மருந்தும் போடத்தான் செய்கிறார்கள், அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் கட்டடமோ பிளாஸ்டிக்கோ மூடாமல் மிஞ்சியிருக்கும் நல்ல அகலமான பள்ளத்தாக்கு அது. இன்னொரு ஹோட்டலுக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, மண்ணையும் தண்ணீரையும் எப்படிச் சோதிப்பது என்று கற்றுக்கொண்டு வா. திடலின் தண்ணீரையும் காய்கறித் தோட்டத்திலிருந்து வரும் தண்ணீரையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டு, உன் இறுதியாண்டு ஆய்வாக எழுது. பெரியவர்கள் நாங்கள் சொன்னால் புலம்பல் என்பார்கள். நீ கணக்கோடு சொன்னால் மாவட்ட அலுவலகமும் கேட்கும்.

அன்புடன்,
தாத்தா