இடது கொழும்பு, வலது தலவாக்கலை

இரட்டைக் காபரேற்றர் உள்ள பழைய மோட்டார் சைக்கிளை வாங்கியவனுக்குக் கண்டியில் முதலில் கிடைக்கும் அறிவுரை, அந்த இரண்டையும் மறந்துவிடு என்பதுதான். லேத்தில் கொடுத்து இரண்டு கிளையுள்ள குழாய் ஒன்று செய்து, ஒற்றைக் காபரேற்றரைப் பூட்டினால் வேலை முடிந்தது, பெற்றோலும் மிச்சம் என்பார்கள். சொல்கிறவர்களில் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். வண்டியும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் என்னிடம் வந்து சேர்ந்தது ஹொண்டா சி.பி. 175. கந்தோருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒற்றைக் காபரேற்றருடன் சி.டி. 175, கொஞ்சம் முறுக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரட்டைக் காபரேற்றருடன் சி.பி. 175 என்று ஹொண்டா இரண்டையும் ஒரே காலத்தில் விற்றது. 174 சி.சி., இரண்டு சிலிண்டர். பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், வெடிப்பது மட்டும் மாறி மாறி. அதற்கு ஒற்றைக் காபரேற்றர்தான் போடுவதென்றால் சி.டி.யையே தேடி வாங்கியிருக்கலாமே!

வண்டி எழுபதுகளின் தொடக்கத்தது. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் வருடக்கணக்காகக் கிடந்தது. காபரேற்றர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எஞ்சினின் இரண்டு வாய்களும் சாக்குத் துணியால் அடைக்கப்பட்டிருந்தன. யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள். அதனால்தான் விலை என் கைக்கு எட்டியது. ஸ்பேனர் பிடித்துப் பழகாதவன் இப்படிப்பட்ட வண்டியை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். காபரேற்றர் இல்லாத வண்டியில் குறை எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

இந்த நாட்டில் பழைய பாகங்களைத் தேடுவது சில வருடங்களாகவே தனித் தொழிலாகிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் எல்லோரும் இருப்பதை வைத்துத்தான் ஓட்டினார்கள். ஒன்றைச் சிதைத்து இன்னொன்றை உயிர்ப்பித்தார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். பங்கீட்டு அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அதில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கில், அதுவரை காபரேற்றரைத் திறந்தே பார்க்காதவர்கள்கூட ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தார்கள். ஓட்ட வழியில்லாமல் மூலையில் நிறுத்தப்பட்ட வண்டிகளின் கதை வேறு. கிண்ணத்தில் தங்கிய பெற்றோல் காய்ந்து, கழுவாத தேநீர்க் கோப்பையின் அடிக்கறை போல ஒட்டிக்கொண்டது. இப்போது கடைகளில் குவிந்துகிடக்கும் பழைய காபரேற்றர்களில் எத்தனை அந்த வருடத்தின் மிச்சமோ, யார் கண்டது!

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கேட்டு அலுத்த பிறகு, மற்ற எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். மருதானை ஸ்டேசனில் இறங்கி நடந்தால் பஞ்சிகாவத்தை. எஞ்சின்கள் நடைபாதை வரை வந்து உட்கார்ந்திருக்கும். ஒரு கடையில் கியர்பொக்ஸ் மட்டும், அடுத்ததில் லைட் மட்டும், அதற்கப்பால் வேறு எங்கும் போகாத சாமான்கள் எல்லாம். நான் போய் நின்ற கடையின் நானா ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். உள்ளே காபரேற்றர்கள்.

“எது வேணும், தம்பி?”

“சி.பி. ஒன் செவன்டி ஃபைவுக்கு, நானா. ரெண்டும்.”

“ரெண்டும் கெடைக்காது. ஒண்டு இரிக்கி. இடது.”

ஒன்றாவது இருந்ததே என்று இடதை எடுத்துக்கொண்டேன்.

பழைய காபரேற்றரில் எதைப் பார்த்து வாங்குவது என்று அந்தக் கடைவாசலில் யோசித்ததுதான் இந்த முழு வேலையிலும் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது. புதியவனின் கண் பளபளப்புக்குப் போகும். மணல் அடித்து மினுக்கியதைக் காட்டினால் விலை கூடச் சொன்னாலும் கொடுத்துவிடுவான். ஆனால் ஜெட், ஊசி, மிதவை, ஓரிங், கேஸ்கட் எல்லாம் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது உடல். ஆகவே உடலைத்தான் பார்க்க வேண்டும். அக்சிலேற்றரைத் திருகும்போது ஏறி இறங்கும் ஸ்லைட்டை அதன் துளையில் விட்டு முன்னும் பின்னும் அசைத்தால் கடகடவென்று ஆடுகிறதா? ஆடினால் அந்தத் தேய்மானத்தின் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். அதை எந்த ட்யூனிங்கும் சரிசெய்யாது. எஞ்சினோடு சேரும் பிளாஞ்சைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்தால் நேராக உட்காருகிறதா? நட்டை அளவுக்கு மீறி இறுக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். இரண்டு காதும் வளைந்து நடு மேடாகியிருக்கும். ஐட்லிங் சரிசெய்யும் சின்னத் திருகாணிகள் சுழல்கின்றனவா, அல்லது முனை முறிந்து உள்ளேயே சிக்கியிருக்கின்றனவா? இவை சரியாக இருந்தால், கரி பிடித்து அசிங்கமாக இருந்தாலும் வாங்கலாம். நானாவின் டின்னில் இருந்தது கறுத்துப்போய்க் கிடந்தது. பிளாஞ்ச் கொஞ்சம் வளைவு. ஸ்லைட் இறுக்கமாக, மெதுவாக வழுக்கியது.

புதிய சீனக் காபரேற்றர் பெட்டியோடு கிடைக்கும், விலையும் குறைவு என்று பக்கத்துக் கடையில் காட்டினார்கள். உருவம் அச்சு அசல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே இருக்கும் துளைகள் எந்த எஞ்சினை நினைத்துப் போடப்பட்டவை என்று பெட்டி சொல்வதில்லை. அசலைச் செய்த கெய்ஹின் நிறுவனமே 2021இல் ஹிட்டாச்சியோடு இணைக்கப்பட்டுத் தனிப் பெயரை இழந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயரைப் பொறிக்கிறவர்கள் குறையவில்லை.

வலது பக்கம் தலவாக்கலையிலிருந்து வந்தது, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் மூலமாக. அதே மாதிரி வண்டி ஒன்றின் எஞ்சின் உடைந்து, பாகங்கள் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டபோது மிஞ்சியது. இரண்டையும் மஹய்யாவ வீட்டு வாசலில் பத்திரிகையை விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரட்டையர்கள் மாதிரியே தெரிந்தன.

மாநகர சபைக் குடியிருப்புப் பக்கம் எங்கள் வரிசையில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். எதைக் கழற்றினாலும் ஆலோசனைக் குழு கூடிவிடும். பக்கத்து வீட்டு அக்கா தேசிக்காய்த் தண்ணியில் போட்டு அவிக்கச் சொன்னார். பித்தளைப் பானைக்கு அது சரி. காபரேற்றரின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. புளிப்பு அதை அரித்துவிடும். வெறும் கொதிநீரே கறையைப் பாதி இளக்கியது, மீதிக்கு ஸ்ப்ரே. ஜெட்டின் துளையில் ஊசி, கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளை மென்மையானது, இரும்பு பட்டால் துளை பெரிதாகிவிடும். மின்கம்பியின் உள்ளே இருக்கும் செப்பு இழை ஒன்றை உருவி எடுத்தால் அது போதும். மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்தினால், ஓட்டை இருந்தால் குமிழி வரும். வளைந்த பிளாஞ்சைக் கண்ணாடியின் மேல் மண்தாளை விரித்து எட்டு வடிவில் தேய்த்தேன். அது அலுப்பான வேலை. ஆனால் கறுத்த பரப்பில் வெள்ளித் தடம் நடுவிலிருந்து காதுகளை நோக்கிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஸ்லைட்டை மாட்டும்போதுதான் வண்டியின் பழுதுபார்ப்புப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. இடது ஸ்லைட் வேறு, வலது ஸ்லைட் வேறு. அடிப்புறம் சாய்வாக வெட்டிய பக்கம் எயார் கிளீனரை நோக்கி இருக்க வேண்டும். மாறிவிட்டால் அக்சிலேற்றரைத் தொடாமலே எஞ்சின் அலறும். கைப்பிடியிலிருந்து வரும் ஒரே கேபிள் கீழே இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்லைட்டையும் தூக்குகிறது. இரண்டும் ஒரே கணத்தில் தூக்க வேண்டும். இதற்கு மீற்றர் எல்லாம் உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு துரப்பண அலகுகளின் தண்டை ஸ்லைட்டுகளின் கீழே வைத்து, கைப்பிடியை மெல்லத் திருகி, இரண்டும் சேர்ந்து விழும்வரை கேபிள் நட்டைச் சரிசெய்வது ஏழையின் வழி. நான் ஏழையின் வழியில் போனேன்.

காபரேற்றர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கப் பெரிய அறிவு வேண்டாம். குறுகிய குழாயில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் சின்னத் துளை வழியாக மேலே இழுபட்டுத் தூவலாகும். 1893இல் புடாபெஸ்டில் பாங்கி, சோங்கா என்ற இருவர் இப்படித் தூவும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். வீதியோரப் பூக்காரி பூக்கள் மீது தண்ணீர் ஊதித் தெளிப்பதைப் பார்த்து அந்த யோசனை வந்ததாக ஹங்கேரியில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, அதில் காபரேற்றர் முழுவதும் இருக்கிறது. மற்றதெல்லாம், எந்த நேரத்தில் எவ்வளவு என்ற அளவுக் கணக்கு. அந்த அளவுதான் ஜெட். கெய்ஹின் ஜெட்டின் தலையில் இருக்கும் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். மற்றொரு தயாரிப்பாளரான மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் அதே எண் பெற்றோல் ஓடும் அளவைக் குறிக்கும். இரண்டும் வெவ்வேறு மொழி. கடைக்காரர் “நம்பர் ஒண்டுதானே” என்று சொல்லிக் கொடுப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வண்டி ஸ்டார்ட் எடுத்தது. இதை ஒரு பெரிய சம்பவமாகச் சொல்லலாம். ஆனால் பிளக்கும் கொயிலும் சரியாக இருந்து பெற்றோல் வந்தால் ஹொண்டா ஸ்டார்ட் எடுக்கத்தான் செய்யும். அக்கா புகைக்குத் துணி எடுக்க ஓடினார். இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கைகளைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அடிக்கும்வரை ஐட்லிங் திருகாணிகளைத் திருப்பியதில் நின்ற இடத்து ஓட்டம் ஒழுங்காகிவிட்டது.

ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, அக்குறணை, அலவத்துகொடை வழியாக ஏ-9இல் மாத்தளைப் பக்கம் போனால் பலகடுவ வளைவுகள். அங்கே முழுதாகத் திருகினால் வண்டி இழுக்காமல் டிக் டிக் என்று நொக் பண்ணியது. இறங்கிப் பிளக்குகளைக் கழற்றினால் இடது கரிக்கறுப்பு, வலது சுண்ணாம்பு வெள்ளை. ஒரே எஞ்சினில் ஒரு சிலிண்டர் பெற்றோலில் குளிக்கிறது, மற்றது பட்டினி கிடக்கிறது. பிளக்குகளை இடம்மாற்றிப் போட்டுப் பார்த்தும் அதே நிறம் அதே பக்கத்தில்தான் வந்தது.

இப்போது எண்களைப் படித்தேன். வலதின் பிரதான ஜெட் புத்தகத்தில் சொன்னதை விடச் சிறியது. அதில் யாருடைய தவறும் இல்லை. தலவாக்கலை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் பெற்றோலையும் குறைக்க வேண்டும். அந்த வண்டியை வைத்திருந்தவரோ அவருடைய மெக்கானிக் பாஸோ அதை அறிந்து, தம் மலைக்கு ஏற்ற ஜெட்டைப் போட்டிருந்தார்கள். நல்ல வேலை. கண்டி 500 மீற்றரில் இருப்பது அவர்களுக்குத் தேவையில்லாத தகவல். இடதுதான் ஏமாற்றியது. எண் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது. ஆனால் மற்ற ஜெட்டுகளில் நுழையாத மெல்லிய அலகு இதில் சுகமாக நுழைந்தது. சரியான ஜெட் கிடைக்காத ஏதோ ஒரு நாளில் யாரோ துளையைப் பெருப்பித்திருக்கிறார்கள். எண்ணை அழிக்க அவருக்குத் தோன்றவில்லை, ஏன் தோன்ற வேண்டும்?

பழைய காபரேற்றர் வாங்கும்போது உடலோடு சேர்த்து, அது இருந்த உயரத்தையும் கடந்த கைகளின் முடிவுகளையும் வாங்குகிறோம். அவற்றில் சில கெட்டிக்காரத்தனம், சில இயலாமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பித்தளை. கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸிடம் இரண்டு ஜெட்டையும் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “மல்லி, இதை வீசு. அதை வைத்துக்கொள்” என்று சிங்களத்தில் சொன்னார். எது எது என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புதிய ஜெட் ஒரு சோடி, புரி பொருந்துகிறதா என்று பழையதைக் கையில் வைத்துச் சரிபார்த்தே வாங்கினேன். புத்தக அளவிலேயே போட்டேன். கண்டிக்கு அரைப்படி குறைக்கலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போவதே முதல் தேவை, நுணுக்கம் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். பலகடுவயில் இப்போது மூன்றாம் கியரில் இழுக்கிறது. பிளக்குகள் இரண்டும் பிஸ்கட் நிறம், இடதுதான் ஒரு சாயல் கறுப்பு. ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றி, ஊசியை இறக்கிப் பார்க்க வேண்டும்.

தலவாக்கலைக்காரரின் ஜெட்டை வீசவில்லை. அதே எண்ணில் இன்னொன்று கிடைத்தால், சோடி சேர்த்து நுவரெலியாவுக்குப் போகும்போது மாட்டலாம். கிண்ணத்தைக் கம்பிக் கிளிப்தான் பிடித்திருக்கிறது. வீதியோரத்தில் கால் மணி நேர வேலை. பஞ்சிகாவத்தை நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். “நம்பரைச் சொல்லு, தம்பி” என்றார். சொன்னேன். துளையை அலகு விட்டுப் பார்த்து வாங்குவேன் என்பதையும் சொன்னேன். சிரித்தார்.